திறந்த பழைய காரை வாங்கி, பழுது பார்த்து, ஓட்டுவது எப்படி

திறந்த பழைய கார் ஒன்றை வாங்க வருபவர் முதலில் பார்ப்பது பெயின்ட்டின் பளபளப்பை. அடுத்துக் கேட்பது இன்ஜினின் ஓசையை. இரண்டுமே பின்னால் சரிசெய்துகொள்ளக் கூடியவை. அவர் குனிந்து பார்க்க வேண்டிய இடம் கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் பெட்டி போல நீளமாக ஓடுகிறது. பட்டறையில் அதைச் சில் என்பார்கள். கூரையுள்ள காரில் கூரையும், அதைத் தாங்கும் தூண்களும், தரையும் சேர்ந்து ஒரு கூண்டாக நின்று உடலை வளையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. கூரையை நீக்கிவிட்டால் அந்த வேலை முழுவதும் தரையின் மேலும் சில்லின் மேலும் விழுகிறது. அதோடு முடியவில்லை. துணிக்கூரை வழியாகவும் கதவின் ரப்பர் வழியாகவும் உள்ளே கசியும் மழைநீர் கடைசியில் போய்த் தேங்குவதும் அதே சில்லுக்குள்தான். சுமை தாங்கும் இடமும் துருப்பிடிக்கும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டதுதான் திறந்த கார்களின் தலையெழுத்து. கீழே சொல்லப்போகும் பெரும்பாலான வேலைகள், எந்தப் பெயரில் வந்தாலும், இந்த ஒரு காரணத்திலிருந்து பிறப்பவையே.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் திறந்த கார். 1962 முதல் 1980 வரை, கூரை மூடிய ஜிடி வடிவத்தையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கும் மேல் உருவான கார் அது. சேசிஸ் எனப்படும் தனி இரும்புச் சட்டம் இல்லாமல் உடலே சட்டமாக அமைந்தது என்பதால் நான் சொல்ல வந்ததற்கு அது நல்ல பாடம். உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன என்பதால் புதிதாகத் தொடங்குபவருக்கு நல்ல துணையும்கூட. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் இதன் முழு உடலையே பழைய அச்சுகளைக் கொண்டு மீண்டும் செய்து விற்கத் தொடங்கியது. டிரயம்ப் டிஆர்6 போன்ற திறந்த கார்களில் அடியில் தனிச் சட்டம் உண்டு. அவற்றில் சில்லின் சுமை குறைவு, ஆனால் அந்தச் சட்டமே துருப்பிடிக்கும் என்பதால் கவலை இடம் மாறுகிறதே தவிரத் தீர்வதில்லை. 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 இன்று பழைய கார் என்ற வரிசையில் சேர்ந்துவிட்டது. அதன் இன்ஜினைக் குறை சொல்ல முடியாது, ஆனால் அதுவும் சில்லில்தான் சாகிறது.

வாங்கும் முன்

காரைச் சமதளத்தில் நிறுத்தி, துணிக்கூரையை மடக்கிவிட்டுக் கதவை மூடுங்கள். கதவின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் இடையே உள்ள இடுக்கில் விரல் நுனியை மேலிருந்து கீழ்வரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே ஒட்டியும் கீழே விரிந்தும் இருந்தால், உடல் நடுவில் தொய்ந்து, கதவின் முன்தூணும் பின்தூணும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிட்டன என்று பொருள். பிறகு, உரிமையாளரின் சம்மதத்துடன், காரின் ஜாக்கியை அதற்குரிய முனையில் பொருத்தி ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். எம்ஜிபியில் அந்த முனை சில்லிலேயே இருக்கிறது என்பதால் இந்த ஒரு சோதனையே பல உண்மைகளைச் சொல்லிவிடும். தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூட வேண்டும். முன்பு போலவே மூடினால் மேற்கொண்டு பார்க்கலாம். உரசினாலோ, திறக்க மறுத்தாலோ, ஜாக்கி முனையிலிருந்து காய்ந்த அப்பளம் நொறுங்குவது போல ஓசை வந்தாலோ, காரை இறக்கிவிட்டு நன்றி சொல்லிப் புறப்படுவதே நல்லது. ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காருக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டக் கூடாது. அடியில் பார்க்க வேண்டுமென்றால் இரும்புத் தாங்கிகளின் மேல் இறக்கிய பிறகுதான்.

அடுத்து, சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிச் சில்லின் நெடுகிலும், முன் மட்கார்டின் அடிப்பகுதியிலும், பின் சக்கர வளைவிலும் ஓட்டுங்கள். சட்டென்று பிடிப்பு விட்டுப்போகும் இடத்தில் இரும்பு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி இருக்கிறது. கால் வைக்கும் கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். இருக்கைக்குப் பின்னால் பேட்டரி வைக்கும் பெட்டிகளையும், பின் ஸ்பிரிங் உடலோடு சேரும் இடங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டுக்கு உட்புறம், பல ஆண்டுச் சேறு ஈரத்தோடு அடைந்து கிடக்கும். துரு அங்கே உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியில் பெயின்ட் கொப்பளித்துத் தெரியும்போது உள்ளே ஏற்கெனவே வேலை முடிந்திருக்கும். பழைய சில்லின் மேல் புதுத் தகடு ஒன்றை மூடி வெல்டிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து விற்கும் வழக்கம் எங்கும் உண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை அது. ஜாக்கியும் கதவும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓடாத இன்ஜினையோ உறுமும் கியர்பாக்ஸையோ கண்டு நான் பின்வாங்குவதில்லை. அவை இரண்டும் கழற்றி மேசை மேல் வைத்துச் சீர்செய்யக் கூடியவை. நான் பின்வாங்குவது பாகங்கள் இல்லாத காரைக் கண்டுதான். குறிப்பாகத் துணிக்கூரையின் இரும்புச் சட்டகமும், கண்ணாடியின் விளிம்புகளும், கதவின் உட்பிடிகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். துணி எளிதாகத் தைத்துக் கிடைக்கும், சட்டகம் கிடைக்காது. பாதி வேலை செய்து கைவிடப்பட்டு, பாகங்கள் பத்துப் பெட்டிகளில் குவிந்து கிடக்கும் காரைவிட, அழகில்லாமல் முழுமையாக ஓடிக்கொண்டிருக்கும் காரே எப்போதும் மேல். சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆவணத்தோடு பொருந்துகின்றனவா என்பதைப் பணம் கைமாறும் முன் பார்த்துவிட வேண்டும்.

சில் மாற்றும் வேலை

வாங்கிய காரில் சில் மெலிந்திருந்தால் அந்த வேலையை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டும். வெல்டிங்கை நீங்களே செய்யாவிட்டாலும், செய்பவர் எந்த வரிசையில் செய்கிறார் என்பதை அறிந்திருப்பது அவசியம், ஏனெனில் இதில் நேரும் பிழை பெரும்பாலும் கைத்திறனின் பிழை அன்று, வரிசையின் பிழை.

எம்ஜிபியின் சில் வெளித்தகடு மட்டும் அல்ல. வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் தகடு, அடியில் மடிப்பாக ஓடும் தண்டவாளம் என நான்கும் சேர்ந்துதான் பெட்டியாகிறது. வெளித்தகடு மட்டும் மாற்றினால் பார்வைக்குச் சரியாகும், வலு வராது. வெட்டத் தொடங்கும் முன் காரைச் சமமாக நிறுத்திக் கதவிடுக்கை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு முன்தூணிலிருந்து பின்தூணுக்குக் குறுக்கே ஓர் இரும்புக் குழாயை வெல்டிங் வைத்து, கதவின் இடைவெளி அசையாமல் பூட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் முடிக்காமல் மறுபக்கத்தில் கட்டரை வைக்கக் கூடாது; இரு பக்கச் சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டிய கார் வாழைப்பழம் போல வளைந்துவிடும், பிறகு எந்தக் கதவும் அதில் பொருந்தாது. புதுத் தகடுகளை முதலில் அங்கங்கே பொட்டு வைத்து நிறுத்தி, கதவை மாட்டி மூடிப் பார்த்து, இடுக்கு சரியாக இருந்தால் மட்டுமே முழு வெல்டிங்குக்குப் போக வேண்டும். அலுப்பான வேலைதான். ஆயினும் ஒரு மணி நேரம் கதவை மாட்டிக் கழற்றச் சோம்பியவர்கள் ஒரு மாதம் அதே கதவோடு போராடியதை நான் பார்த்திருக்கிறேன்.

வெல்டிங் முடிந்து பெயின்ட் காய்ந்த பின் சில்லின் உட்புறத்துக்கு மெழுகுப் பூச்சைக் குழாய் வைத்துப் பீய்ச்ச வேண்டும். சில்லின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மெழுகாலோ பெயின்ட்டாலோ அடைத்துவிடாமல், பிறகு ஒவ்வொன்றிலும் கம்பியை விட்டுத் திறந்து வைப்பது முக்கியம். நீர் உள்ளே வருவதை முழுவதும் தடுக்க முடியாது. வந்த நீர் வெளியேற வழி வைப்பதுதான் நம்மால் முடிந்தது.

முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

உடல் சரியானதும் எல்லோருக்கும் இன்ஜினின் மேல்தான் கை போகும். அதைத் தடுத்து, பிரேக், ஸ்டியரிங், டயர் என்ற வரிசையில் செல்ல வேண்டும். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான கார்களில் பிரேக் ஒரே சுற்றாக அமைந்தது. ஓர் இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களும் ஒன்றாகக் கைவிடும். ஆகவே கைப்பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்பது அவற்றில் வெறும் நிறுத்திவைக்கும் வசதி பற்றிய கேள்வி அல்ல.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். உறிஞ்சிய ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவையும் உண்டாக்கும். அதனால் கார் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆயிலை முழுவதும் மாற்ற வேண்டும். சிலிக்கோன் வகையான டாட் 5 ஆயிலை இதோடு கலக்கக் கூடாது.

ரப்பர் ஹோஸ்களைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் காரின் முன் வலது சக்கரம், பிரேக்கை விட்ட பிறகும் இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது; ஒரு சுற்று ஓட்டி வந்தால் அந்த வீலில் கை வைக்க முடியாத சூடு. பிரேக் கட்டைகளை அழுத்தும் காலிப்பர்தான் ஒட்டிக்கொண்டது என்று முடிவுகட்டிக் கழற்றிச் சுத்தம் செய்தேன். மாறவில்லை. புதுக் காலிப்பரே வாங்கிப் போட்டேன். அப்போதும் மாறவில்லை. கடைசியில் ஒரு மெக்கானிக் வந்து, சக்கரம் இறுகியிருந்த நிலையில் காற்று நீக்கும் திருகை அரைச் சுற்றுத் திறந்தார்; ஆயில் பீய்ச்சியடித்தது, சக்கரம் உடனே சுதந்திரமாகச் சுழன்றது. ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி, மிதிக்கும்போது ஆயிலை அனுப்பிவிட்டு, விடும்போது திரும்ப வரவிடாமல் அடைத்துக்கொண்டிருந்தது. வெளியில் பார்க்க அந்த ஹோஸில் ஒரு வெடிப்புகூட இல்லை. அன்றிலிருந்து, வயது தெரியாத ஹோஸ்கள் எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுகிறேன்.

எம்ஜிபியின் முன் சக்கரம் திரும்பும் கிங்பின்களுக்கு ஏறத்தாழ 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை கிரீஸ் அடிக்க வேண்டும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு அடித்தால்தான் சுமை தாங்கும் பரப்புக்குள் கிரீஸ் இறங்கும்; தரையில் நிற்கும்போது அடித்தால் சுலபமான வழியில் வெளியே பிதுங்கிவிடும். டயரின் பக்கவாட்டில் அச்சான எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அது உருவான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். இத்தகைய கார்களில் டயர் தேய்ந்து போவதைவிட வயதாகிப் போவதே அதிகம். பத்து ஆண்டைத் தாண்டிய டயரை, அதன் மேலுள்ள வெட்டுப் பூ தேயாமல் இருக்கிறது என்பதற்காக விட்டுவைக்க வேண்டாம்.

கம்பிச் சக்கரம் உள்ள காராக இருந்தால், ஒவ்வொரு கம்பியையும் ஸ்பானரால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொட்டையாக ஒலிக்கும். நடுவிலுள்ள பெரிய திருகு வலப்பக்கத்தில் ஒரு மரையும் இடப்பக்கத்தில் எதிர்மரையுமாக இருக்கும். சக்கரம் முன்னோக்கி உருளும் திசையில் அடித்தால்தான் அது கழலும். ஓடும்போது தானே இறுகிக்கொள்ளட்டும் என்று செய்த ஏற்பாடு அது. பழுதின்போது சக்கரம் மாட்டும் ஹப்களை இடம் வலமாக மாற்றிப் போட்டுவிட்டால் இந்த ஏற்பாடு தலைகீழாகி, ஓடும் காரிலிருந்து சக்கரம் கழன்றுபோகும்.

இன்ஜின்

நீண்ட நாள் உறங்கிய இன்ஜினைச் செல்ஃப் போட்டு எழுப்பக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சில துளி ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுற்றினால் ஆயிலையும் கூலன்ட்டையும் மாற்றி, டாங்கிலுள்ள பழைய பெட்ரோலை இறக்கிவிட்டு, பிளக் இல்லாமலேயே செல்ஃபைச் சுழற்றி ஆயில் அழுத்தம் ஏறுகிறதா என்று மீட்டரில் பார்த்த பின்தான் பிளக்கை மாட்ட வேண்டும்.

இன்றைய பெட்ரோலில் கலந்துவரும் எத்தனால் பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை உள்ளிருந்து இளக்கிவிடும். சூடான இன்ஜினின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாகப் பார்த்து மாற்றிவிடுங்கள். ஒரு சிறு தீயணைப்பானை ஓட்டுநர் இருக்கைக்கு அருகே பொருத்திவையுங்கள். ஈயம் நீங்கிய பெட்ரோலால் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை மெல்ல மெல்ல உள்வாங்கும் என்பதும் உண்மை. ஆனால் அதற்காக நன்றாக ஓடும் இன்ஜினை அவசரமாகப் பிரிக்க வேண்டியதில்லை. வால்வுக்கும் அதைத் திறக்கும் பாகத்துக்கும் நடுவிலுள்ள டாப்பெட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே போகிறதா என்று கவனித்துவந்து, அடுத்த முறை ஹெட் கழற்றும்போது கடினப்படுத்திய இருக்கைகளைப் போட்டால் போதும்.

கார்பரேட்டரின் குற்றமாகத் தோன்றுவது பெரும்பாலும் பற்றவைப்பின் குற்றமாகவே இருக்கும். ஆகவே கார்பரேட்டரைத் தொடும் முன் டாப்பெட்டையும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் பாயிண்டையும், பிளக்கையும், பொறி விழும் நேரமான டைமிங்கையும் இந்த வரிசையிலேயே முடித்துவிடுங்கள். எம்ஜிபிக்கு டாப்பெட் இடைவெளி 0.38 மி.மீ., பாயிண்ட் 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் 0.64 மி.மீ. அதன் பிறகும் இன்ஜின் தடுமாறினால் மட்டுமே இரட்டை எஸ்யூ கார்பரேட்டர்களிடம் போக வேண்டும்.

இதை நான் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்தக் கார்களில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். முதலில் மேலுள்ள கறுப்பு மூடியைத் திருகி எடுத்து, உள்ளே ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியோடு சேர்ந்த தண்டைத் திரும்ப இறக்கும்போது, மரை பிடிக்கும் முன்பே ஆயிலின் தடை கையில் தெரிய வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் ஏர் ஃபில்டர்களைக் கழற்றி, இரண்டு கார்பரேட்டர்களையும் இணைக்கும் தண்டைத் தளர்த்திவிட்டு, ரப்பர் ஹோஸ் ஒன்றின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை முதல் கார்பரேட்டரின் வாயிலும் வையுங்கள். உஸ்ஸென்று ஓர் இரைச்சல் கேட்கும். அதே இடத்தில், அதே தூரத்தில் இரண்டாவதிலும் கேளுங்கள். எது உரக்க இரைகிறதோ அதன் ஐடில் திருகைச் சற்றே தளர்த்தி, இரண்டும் ஒரே குரலாகும்வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். அடுத்து எரிபொருள் கலவை. பிஸ்டனைத் தூக்கும் சிறு ஊசியை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்ல உயர்த்துங்கள். இன்ஜின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால் கலவையில் பெட்ரோல் அதிகம். உடனே திணறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடி, பழைய நிலைக்கே திரும்பினால் சரி. அடியிலுள்ள அறுகோண நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரு முறைக்கு ஒரு பட்டைக்கு மேல் திருப்ப வேண்டாம். இரண்டையும் சரிசெய்து இணைப்புத் தண்டை இறுக்கி முடித்ததும், பானெட்டின் மேல் வைத்த ஸ்பானர் தாளம் போடாமல் கிடந்தால் வேலை நன்றாக அமைந்திருக்கிறது.

இன்ஜின் ஆயில் 20டபிள்யூ50. எம்ஜிபியின் நான்கு கியர் பெட்டிக்கும் அதே இன்ஜின் ஆயில்தான், கியர் ஆயில் அன்று. இதை அறியாமல் தடித்த ஆயிலை ஊற்றிவிட்டுக் கியர் விழவில்லை என்று வருந்துவோர் உண்டு. சூடேறுகிறது என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கமும் வேண்டாம். ரேடியேட்டரில் அடைப்பு இருந்தால் அது தெர்மோஸ்டாட் இல்லாமலும் அடைப்பாகவே இருக்கும்.

மின்சாரம்

மங்கலாக எரியும் விளக்கு, ஒன்றைப் போட்டால் இன்னொன்று மினுக்கும் வினோதம், அடம்பிடிக்கும் ஹார்ன் ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் காரணம் மின்சாரம் காரின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் இணைப்பு சரியாகச் சேராததே. விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் உலோக உடலிலும் மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைக் கழற்றி, இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டு மாட்ட வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்களில் வயரின் நிறமே ஒரு வரைபடம்: கறுப்பு எர்த், பழுப்பு ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி போட்டால் உயிர்பெறுவது, பச்சை சாவிக்கும் ஃபியூஸுக்கும் பிறகு வருவது, நீலம் முன்விளக்கு, சிவப்பு சிறுவிளக்கு. பழுப்பு வயரோடு விளையாடக் கூடாது. வேலை தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுவதே முறை. 1967 வரை வந்த எம்ஜிபியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். இதைப் பார்க்காமல் புது ரேடியோவை இணைத்தால் புகைதான் பாடும்.

துணிக்கூரை

துணிக்கூரை கிழிவது பெரும்பாலும் வயதால் அல்ல, மடக்கும் முறையால். ஈரத்தோடு மடக்கினால் பூஞ்சை பிடிக்கும். கடுங்குளிரில் மடக்கினால் பின்புறத்து ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கண்ணாடி விரிசல் விடும். மடக்கும்போது அந்தக் கண்ணாடியின் மேல் மெத்தென்ற பழைய துணி ஒன்றை விரித்துவிட்டு மடக்குங்கள். அதைக் காய்ந்த துணியால் ஒருபோதும் துடைக்க வேண்டாம். தூசியைத் தண்ணீர் ஊற்றி ஓடவிட்ட பிறகே கை வைக்க வேண்டும். கழுவுவதற்கு மென்மையான சோப்பும் தூரிகையும் போதும். அழுத்தமாகப் பீய்ச்சும் குழாய் தையலைப் பிளந்துவிடும். புதுக் கூரையைப் பொருத்துவதாக இருந்தால் நல்ல வெயில் நாளாகப் பார்த்து, துணியைச் சட்டகத்தின் மேல் விரித்து இளகவிட்ட பிறகே இழுத்து ஆணியடிக்க வேண்டும். குளிர்ந்த துணியை இழுத்துப் பொருத்தினால் அடுத்த கோடையில் தொங்கிவிடும்.

எம்எக்ஸ்-5 காரில் மடிந்த கூரையின் இரு மூலைகளிலும், இருக்கைகளுக்குப் பின்னால், மழைநீரைக் கீழே கொண்டுசெல்லும் குழாய்கள் இருக்கின்றன. இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து அவற்றை அடைத்துவிட்டால், நீர் வெளியே போகாமல் சில்லுக்குள் இறங்குகிறது. வெளியில் மாசு மருவில்லாமல் இருக்கும் எத்தனையோ எம்எக்ஸ்-5 கார்கள் பின் சக்கரத்துக்கு முன்னால் உளுத்துப்போவதற்குக் காரணம் இந்தக் குழாய்கள்தான். ஆண்டுக்கு இரு முறை, பூவாளியால் நீர் ஊற்றிக் கீழே ஒழுகுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அடைத்திருந்தால் வளையும் நைலான் கம்பியை மெல்ல விடலாம், கூர்மையான இரும்புக் கம்பி குழாயையே குத்திவிடும்.

ஓட்டும்போது

இவ்வளவும் செய்தது ஓட்டுவதற்குத்தான் என்பது பலருக்கு மறந்துபோகிறது. மூடிவைத்த கார் கெடுவது போல ஓடும் கார் கெடுவதில்லை: நின்றே கிடந்தால் ரப்பர் சீல்கள் காய்கின்றன, பிரேக் ஒட்டிக்கொள்கிறது, பெட்ரோல் பழசாகிறது. மாதத்துக்கு இரண்டு முறையாவது இன்ஜின் முழுச் சூட்டை அடையும்வரை ஓட்ட வேண்டும். நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நன்மை அல்ல. சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் ஈரம் சேர்ந்து, ஆவியாகும் சூடு வரும் முன்பே நின்றுவிடும்.

திறந்த காரில் முகத்தில் அடிக்கும் காற்றைவிடப் பிடரியில் அடிக்கும் காற்றே ஓட்டுபவரைக் களைப்பாக்கும். முன் கண்ணாடிக்கு மேலே பாய்ந்து செல்லும் காற்று இருக்கைகளுக்குப் பின்னால் சுருண்டு, பின்னாலிருந்து உள்ளே வருகிறது. பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு வலைத் தடுப்பு வைத்தால் பேச்சுக் கேட்கும் அளவுக்கு அமைதி வரும். குளிர் காலத்தில் கூரையை மடக்கி, ஹீட்டரை முழுவதும் திறந்து, கால் வெதுவெதுப்பாகவும் நெற்றி சில்லென்றும் ஓட்டுவதற்கு ஈடான சுகம் எனக்குத் தெரிந்து வேறில்லை. வெயிலில் நிலைமை வேறு. ஓடும்போது வெப்பம் தெரியாது என்பதால் தோல் கருகிய பிறகே உறைக்கும். கழுத்தை மூடும் துணியும், தாடைக்குக் கீழே கட்டும் தொப்பியும் அலங்காரத்துக்கு அல்ல.

ஓட்டும் முறையையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். கவிழ்ந்தால் காக்கும் வளைவு பெரும்பாலான பழைய திறந்த கார்களில் இல்லை. பல கார்களில் தலைதாங்கியும் இல்லை. முன்னால் செல்லும் புதிய கார் நின்றுவிடும் தூரத்தில் உங்கள் கார் நிற்காது. ஆகவே இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் வசதி உள்ள எம்ஜிபியில் நான்காவது கியரில் அதைப் போட்டால் இன்ஜின் சுற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும்; நெடுஞ்சாலையில் ஓசைக்கும் இன்ஜினுக்கும் அது பெரிய ஆறுதல். கண் அடிக்கடி ஆயில் அழுத்த மீட்டருக்குப் போய்வரட்டும். சூடேறிய பின் ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டுக்கு மேல் காட்டும் எம்ஜிபி நலமாக இருக்கிறது. நின்று ஐடிலில் ஓடும்போது அது 15, 20 என்று இறங்குவது கண்டு பதற வேண்டாம்.

டிக்கியில் நான் வைத்திருப்பவை: ஃபேன் பெல்ட், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், ஒரு பிளக், ஃபியூஸ், ஒரு கஜம் வயர், டேப், தண்ணீர். கண்டென்சர் ஒன்றல்ல, இரண்டு. சூடேறினால் மட்டும் சாகும் கண்டென்சர் ஒன்று என்னை ஒரே மாலையில் நான்கு முறை நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் ஆறியதும் எதுவும் நடக்காதது போல ஓடியது. புதிதாக வாங்கி மாட்டியதும் அடுத்த வாரமே அதே வேலையைக் காட்டியது. முன்பு நன்றாக ஓடிக் கழற்றிய பழைய கண்டென்சரையே இப்போது உபரியாக வைத்திருக்கிறேன்.

பல வாரம் நிறுத்திவைக்க நேர்ந்தால், துணிக்கூரையை ஏற்றிப் பூட்டி, கைப்பிரேக்கை விடுவித்துச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, காற்றோட்டமுள்ள துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும்.

வழியில் மழையில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பினால், அன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கூரையை ஏற்றியபடியே விட்டு, இரண்டு கதவுகளையும் திறந்துவைத்து, கார்ப்பெட்டையும் அதற்கு அடியிலுள்ள மெத்தையையும் வெளியே எடுத்துத் தொங்கவிடுங்கள். பிறகு குனிந்து சில்லின் அடியைப் பாருங்கள். துளைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். சொட்டாமல், கதவைச் சாத்தும்போது உள்ளே தளும்பும் ஓசை மட்டும் கேட்டால், கம்பியை எடுத்துவந்து ஒவ்வொரு துளையையும் திறந்துவிட்ட பிறகு போங்கள்.